ஐம்பத்தெட்டு மீட்டரில் ஓர் ஆன்டெனா

எங்கள் ஊழியர் சங்கத்தில் அவரை எல்லோரும் 'ரீடிங்' என்றுதான் கூப்பிடுவோம். சந்தா ரசீதில் சொந்தப் பேர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இது யார் புது ஆளா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் பத்தொன்பது வருஷ உறுப்பினர். கூட்டத்துக்கு வந்தது மூன்று முறை. மூன்று முறையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைதூக்க வேண்டிய இடத்தில் தூக்கிவிட்டு, வேலை இடத்துக்குத் திரும்பும் ஜீப்பைப் பிடிக்கப் போய்விட்டார்.

எஃப்.எம். நிலையம் ஊருக்குள் இருந்தது. டிரான்ஸ்மிட்டர் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் தலையில் இருந்தது. அதற்கு மெக்கானிக், காவல்காரர், பெருக்குகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. மாசத்துக்கு நாலு நாள் மாற்று ஆள் வருவார். அந்த நாலு நாளும் எங்கே போவது என்று தெரியாமல் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாளே திரும்பிவிடுவார். தம்பி பெண்டாட்டி நல்ல பெண்தான். "உங்க அண்ணன் வந்தா வீட்ல சத்தம் கொறையுது, அதான் எனக்கு பயமா இருக்கு" என்று சொன்னாளாம்.

குன்றின் மேல் அவருக்கு இரண்டு அறை. ஒன்றில் டிரான்ஸ்மிட்டர். மற்றதில் கட்டில், ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி, சுவரில் ஃபோன். டிரான்ஸ்மிட்டரின் சூடான காற்று வெளியே போகிற குழாய்க்குப் பின்னால் கொடி கட்டித் துணி உலர்த்துவார். மழைக்காலத்தில் ஊரே ஈரத்துணியோடு அல்லாடும்போது அவர் சட்டை மட்டும் இஸ்திரி போட்டதுபோல விறைப்பாக இருக்கும். டவருக்கு நேர் கீழே இருப்பதால் ஒரு வேடிக்கை. அங்கே எந்த ரேடியோவை எங்கே திருப்பினாலும் எங்கள் நிலையம்தான் கேட்கும். வேறொன்றும் நுழையாது. காலையில் ஆறு மணிக்கு ஒலிபரப்பு தொடங்கி இரவு பத்துக்கு முடியும்வரை, கத்துகிற விளம்பரமும் சிரிக்கிற அறிவிப்பாளர்களும்தான் அவருக்கு வீட்டு ஆட்கள். யாரும் அவரைப் பார்த்துப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணமான புதிதில் மனைவி அங்கே வந்து நாலு மாசம் இருந்தார். ஒரு நாள் ஜீப் சாமான் கொண்டுவந்து இறக்கியது. அது திரும்பும்போது மனைவி பெட்டியோடு ஏறிக்கொண்டார். சண்டை ஒன்றும் இல்லை. போகிறபோது சொன்ன ஒரு வார்த்தையை ரீடிங் என்னிடம் ஒரு முறை சொன்னார்: "ஒரு நாளைக்கு ஒம்பது தடவ வாயத் தொறக்கறீங்க. அதுவும் ஃபோன்ல, நம்பர் சொல்ல." அந்த அம்மாள் பிற்பாடு வேறு கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருப்பதாகக் கேள்வி. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அந்த ஒன்பது தடவை என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்மிட்டரின் மீட்டர்களைப் பார்த்து நிலையத்தின் கண்ட்ரோல் ரூமுக்கு ஃபோனில் சொல்ல வேண்டும். வெளியே போகிற பவர் எவ்வளவு, ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிற பவர் எவ்வளவு, கரண்ட் வோல்டேஜ், அறையின் சூடு. நாலு எண். அந்தப் பக்கம் இருப்பவர் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கண்ட்ரோல் ரூமில் மூன்று பேர் முறைவைத்து வேலை பார்த்தார்கள். இரண்டு பேர் 'ம்', 'ம்' என்று கேட்டு வைத்துவிடுவார்கள். மூன்றாமவர் ஒரு பெண். நாங்கள் கண்ட்ரோல் அம்மா என்போம். அவர் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொல்வார்.

"மேடம், ரீடிங்."

"சொல்லுங்க சார்."

"மூவாயிரம்."

"மூவாயிரம்."

"இருவத்தெட்டு."

"இருவத்தெட்டு."

இப்படி நாலு எண். பிறகு ஃபோனை வைத்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷம் இதுதான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் அந்த 'இருவத்தெட்டு' எப்படி வருகிறது என்பதை வைத்து அந்த அம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறதா, பல் பிடுங்கியிருக்கிறார்களா என்று இவருக்குத் தெரியும். ஒரு சமயம் மூன்று வாரம் அந்தக் குரல் வரவில்லை. திரும்ப வந்தபோது எண்களை ரொம்ப நிதானமாகச் சொன்னது. கணவர் தவறிவிட்டார் என்பதை இவர் பிறகு ஜீப் டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். துக்கம் விசாரித்தாரா என்று கேட்டேன். எங்கே விசாரிப்பது, நாலு எண்ணுக்கு நடுவில் அதை எந்த இடத்தில் நுழைப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருங்காற்று அடித்தது. எழுபத்தைந்து மீட்டர் டவரில் ஆன்டெனா உச்சியில் இருந்தது. மேல் பகுதியின் போல்ட்டுகள் துருவேறி ஆட்டம் கண்டுவிட்டன. அப்போதிருந்த இஞ்சினியர் ஆட்களை அனுப்பி, ஆன்டெனாவை இறக்கி ஐம்பத்தெட்டு மீட்டரில் கட்டச் சொன்னார். உச்சியில் இடிதாங்கி மட்டும் நின்றது. பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்றார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஆன்டெனா அங்கேயே இருந்துவிட்டது. வேலை முடிந்த அன்று மத்தியான ரீடிங்கில், நாலு எண்ணோடு ஐந்தாவதாக ஒன்றையும் ரீடிங் சொன்னார். ஆன்டெனா அம்பத்தெட்டு மீட்டருக்கு எறக்கியாச்சு என்று. அம்பத்தெட்டு என்று அந்த அம்மாவும் திருப்பிச் சொல்லி, குறிப்பு என்கிற கடைசிக் கட்டத்தில் எழுதினார். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை: லாக் புக்கில் ஏறிவிட்டால் அரசாங்கத்துக்கே தெரிந்த மாதிரி. லைசென்ஸில் மாற்றினார்களா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. குறிப்புக் கட்டத்தை உலகத்தில் எவனும் படிப்பதில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. லைசென்ஸில் எழுபத்தைந்து அப்படியே இருந்தது.

அப்புறம்தான் அரசாங்கத்தின் உத்தரவு வந்தது. எஃப்.எம். நிலையங்களையெல்லாம் பவரையும் ஆன்டெனா உயரத்தையும் வைத்து மூன்று வகையாகப் பிரிக்கப்போகிறார்கள். உயரம் என்றால் டவரின் உயரம் மட்டும் இல்லை. சுற்றுவட்டார நிலத்தின் சராசரி மட்டத்திலிருந்து ஆன்டெனா எவ்வளவு மேலே இருக்கிறது என்ற கணக்கு. எங்கள் பவருக்கு எல்லைக்கோடு நூற்றைம்பது மீட்டர். அதற்கு மேலே என்றால் இரண்டாம் வகை. டிரான்ஸ்மிட்டரில் ஆள் தங்கியே ஆக வேண்டும். கீழே என்றால் மூன்றாம் வகை. ஆள் வேண்டாம், ஒரு கருவி மாட்டினால் போதும், எண்களை அதுவே அனுப்பிக்கொள்ளும். குன்று எண்பத்திரண்டு மீட்டர். அதோடு எழுபத்தைந்தைக் கூட்டினால் நூற்றைம்பத்தேழு. ஐம்பத்தெட்டைக் கூட்டினால் நூற்று நாற்பது. பதினேழு மீட்டர் இரும்பில் ஒரு மனுஷனின் பிழைப்பு தொங்கியது.

உயரத்தை நிலையமே எழுதிக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் இருக்கிற ஊழியர் கையெழுத்துப் போட வேண்டும். சங்கத்தை நடத்துகிறவன் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டாம் வகையில் இருந்தால்தான் பக்கத்து ஊர்களும் நம் எல்லைக்குள் வரும், விளம்பரம் குறையாது, ஆகவே எழுபத்தைந்து என்றே போகட்டும் என்றார். எனக்கும் அதுதான் வேண்டும். ஓர் ஊழியரின் இடம் தப்பும். முப்பது வருஷத்தில் நானும் நிர்வாகமும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு தடவைதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு காலை ஜீப்பில் மேலே போனேன். அவர் ஒரே ஒரு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே டவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழேர்ந்து பாத்தா டவர்தான் தெரியும்" என்றேன். "ஆன்டெனா எங்க கட்டியிருக்குன்னு எவன் ஏறிப் பாக்கப் போறான்? லைசென்ஸ்ல எழுவத்தஞ்சு. நீங்களும் எழுவத்தஞ்சுன்னு எழுதுங்க. முடிஞ்சுது."

"எழுதலேன்னா?"

"எழுதலேன்னா இந்த ரூமுக்குப் பூட்டு. உங்களுக்கு ஸ்டோர்ல ஒரு ஸ்டூல்."

அவர் தியாகி ஒன்றும் இல்லை. எழுதத்தான் நினைத்தார். மேஜை டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்து, உயரம் என்ற கட்டத்தில் எழுபத்தைந்து என்று லேசாக எழுதினார். மேலே மையால் எழுத வேண்டியதுதான் பாக்கி. இந்த இடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் போனால் தூக்கம் வராது தோழரே, அங்க டிரான்ஸ்மிட்டர் ஃபேன் சத்தம் இருக்காது என்றார். இத்தனை வருஷம் தனியாக இருந்தது போதாதா என்று கேட்டேன். இங்கே தனியாக இருப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது, அங்கே சும்மா தனியாக இருக்க வேண்டும் என்றார். நான் பேனாவை மூடி கழற்றி நீட்டினேன்.

மணி பத்தானது. எழுந்துபோய் மீட்டர்களைப் பார்த்து வந்து ஃபோனை எடுத்தார். ஜெனரேட்டர் ஓடும்போது கேட்க வேண்டும் என்பதற்காக அந்த ஃபோனின் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தார். மறுமூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பக்கக் குரல் தெளிவாகக் கேட்டது. நாலு எண்ணும் போய்த் திரும்பி வந்தன. அந்த அம்மா ஃபோனை வைக்கவில்லை.

"சார், மேனேஜர் பழைய லாக் புக்கெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாரு. ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் செக்கிங் வருமாம்."

"சரி மேடம்."

"அதுல அம்பத்தெட்டுன்னு என் கையெழுத்துல இருக்கு."

இவர் ஃபோனை மறுகாதுக்கு மாற்றினார்.

"நீங்க எழுவத்தஞ்சு போடுங்க சார். அந்தப் புக்கக் கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிடலாம். ஸ்டோர்ல பாதிய அதுதான தின்னுது, இதையும் அது கணக்குல எழுதிடலாம்."

"அது உங்களுக்குப் பிரச்சினை ஆகுமா?"

"எனக்கென்ன, ரிட்டையராக ரெண்டு வருஷம். கேட்டா, காதுல சரியா விழலேன்னு சொல்லிட்டுப் போறேன்."

ரீடிங் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை.

"நான் சொன்னது அம்பத்தெட்டுதான மேடம்?"

"அம்பத்தெட்டுதான் சார்."

"அப்ப அது இருக்கட்டும்."

ஃபோனை வைத்துவிட்டு வந்து பென்சில் எழுத்தை விரலாலேயே அழித்தார். கறுப்பாக ஈஷிக்கொண்டது. அதன் மேலேயே என் பேனாவால் ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. புத்தி கெட்டுப் போச்சா, அந்தம்மாவே வழி சொல்லுது, உங்க வேலைய நீங்களே காவு குடுக்கறீங்களே என்று கத்தினேன். சங்கம் இதற்காகவா இருக்கிறது என்றுகூடக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்ணு சொன்னா, அதையே மாத்தாம இத்தன வருஷம் திருப்பிச் சொன்ன ஒரே ஆளு அவங்கதான் தோழரே. இப்ப நான் வேற நம்பர் எழுதினா, அவங்க காது தப்புன்னு ஆயிடும். அது நல்லா இல்ல."

டீ கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கினேன்.

இரண்டு மாசத்தில் ஆணை வந்தது. மூன்றாம் வகை. கம்பெனியிலிருந்து ஒருவர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் மாட்டினார். டிபன் கேரியர் அளவுகூட இல்லை. மாட்டியவருக்கு விசுவாசம் அதிகம். இது லீவு கேக்காது, யூனியன்ல சேராது என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஃபியூஸ் போனா போட்டுக்கவும் தெரியாது என்றேன். ரீடிங் சிரிக்கவில்லை. டிரங்குப் பெட்டி, படுக்கை, ஸ்டவ் மூன்றும் ஜீப்பின் பின்பக்கத்தில் பாதியைக்கூட நிரப்பவில்லை. கடைசியாக ஃபோனில் சொன்ன ரீடிங் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு. அவ்வளவுதானா சார் என்று அந்த அம்மா கேட்டாராம். அவ்வளவுதான் மேடம் என்றாராம் இவர். வேறு யாராவது இருந்தால் ஏதாவது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பார்கள்.

செக்கிங்கும் வந்தது. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் ஒன்றரை மணி நேரம் இருந்தார். படிவத்தைப் பார்த்தார். திருத்தின லைசென்ஸைப் பார்த்தார். லாக் புக்குகளை அடுக்கியிருந்த மேஜையில் தன் பையை வைத்தார். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. எழுபத்தைந்து என்று எழுதியிருந்தாலும் அப்படியே போயிருக்கும். இதை நான் ரீடிங்கிடம் போய்ச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, தோற்ற கோபம்தான். பாக்கலியா, சரி என்றார் அவர்.

இப்போது அவர் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஸ்டோரில் இருக்கிறார். கேபிள் சுருள், மைக் கம்பி, பல்ப், பேட்டரி. ஒரே ஒரு ஜன்னல், அதையும் அலமாரி மறைத்துவிட்டது. நேர் மேலே மாடியில் கண்ட்ரோல் ரூம். நடுவில் இருபத்தொரு படி. மாசம் நாலு ஓடியபின் ஒரு நாள் சங்கக் காகிதத்தில் கையெழுத்து வாங்க மாடிக்குப் போனேன். கண்ட்ரோல் அம்மா திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டிரான்ஸ்மிட்டரின் நாலு எண்ணும் திரையில் ஒரு மூலையில் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு, சார் எப்படி இருப்பாரு, உயரமா என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. கீழேதானே இருக்கிறார், பார்த்ததில்லையா என்றேன்.

"ஒரு தடவ ஹெட்ஃபோன் வேணும்னு இன்டென்ட் சீட்டு எழுதி அனுப்பினேன். பியூன்கிட்ட குடுத்தனுப்பிட்டாரு."

"நீங்க எறங்கிப் போய் பாருங்க. புலியா கட்டி வச்சிருக்கு?"

"பாத்து என்ன பேசறது?" என்றார். "ரெண்டு பேருக்கும் பேசறதுக்கு இருந்தது அந்த நாலு நம்பர்தான். அத இது பாத்துக்குது." திரையைக் கையால் காட்டினார்.

கீழே வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தொரு படி, ஏறினால் என்ன, கால் முறிந்துவிடுமா என்றேன். வாழ்நாளெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆட்களை ஒரே பந்தலில் உட்காரவைத்தவன் நான். இந்த இரண்டு பேரை ஒரே அறையில் நிற்கவைக்க முடியாதா என்று எனக்குள் ஒரு வீம்பு. அவர் பேட்டரிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், அவங்க என்னப் பாத்தா ஏமாந்துடுவாங்க தோழரே என்றார். என்ன ஏமாற்றம் என்றேன். பெரிய டப்பாவில் கிடந்த சின்ன பேட்டரி ஒன்றை எடுத்து மாற்றிப் போட்டார்.

மணி இரண்டு. முறை மாறுகிற நேரம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இவர் எழுந்து அலமாரிகளுக்குப் பின்னால் போய்விட்டார். நான் வாசலில் நின்றேன். கண்ட்ரோல் அம்மா தோளில் பையோடு இறங்கி வந்து, ஸ்டோர் வாசலில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு அலமாரிக்கு நடுவில் இருட்டு. நான் கூப்பிட்டிருக்கலாம். ஒரு குரல் போதும். நாற்பது மேடையில் கத்திய தொண்டை அன்றைக்கு எழும்பவில்லை.

"இந்த வெளிச்சத்துல எப்படி எழுதறாரு? கண்ணு போயிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா நடந்தார். வெளிக் கேட்டு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ரீடிங்கே எனக்கு ஃபோன் செய்தார். அவராக ஃபோன் செய்தது அதுதான் முதல் தடவை. கண்ட்ரோல் ரூமிலிருந்து இன்டென்ட் வந்திருக்கிறது என்றார். டியூப் லைட், ஒன்று. பொருத்த வேண்டிய இடம் என்ற கட்டத்தில் ஸ்டோர் என்று எழுதியிருக்கிறது. அவரே அலமாரியிலிருந்து எடுத்து, அவரே ஏணி போட்டு மாட்டிவிட்டார். கொடுத்தவர் என்ற இடத்திலும் வாங்கியவர் என்ற இடத்திலும் அவர் கையெழுத்தே போட வேண்டியதாகிவிட்டது, அது சட்டப்படி செல்லுமா என்பது அவருடைய சந்தேகம்.

செல்லும் என்றேன். மேல போய் ஒரு வார்த்தை சொன்னீங்களா என்று கேட்டேன்.

"அதான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேனே" என்றார்.